எரிவாயு பைப்லைன்: வேலையிலும் வயலிலும் நேரில் கண்டவை

துருக்காரன்

எரிவாயுக் குழாய்ப் பராமரிப்பில் இருப்பவர்கள், குழாய் ஓடும் நிலத்துக்காரர்கள், அதன் ஃபைலைச் சுமப்பவர்கள், யாராக இருந்தாலும் நேரில் கண்டதை எழுதுங்கள். நான் துரு பார்க்கிற ஆள். முதலில் நானே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிக் ரிசீவர் திறக்கிற இடத்தில் நிற்கவைத்தார்கள். பிக் என்பது வாயு அழுத்தத்திலேயே குழாய்க்குள் நகர்ந்து வரும் உருளை. அது சுரண்டித் தள்ளிக்கொண்டு வரும் அழுக்கு ரிசீவரில் வந்து சேரும். கதவைத் திறக்கும் முன்பே எங்கள் ஃபோர்மேன் தண்ணீர் ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளே கரியை அரைத்துக் கொட்டியதுபோல் கருப்புத் தூள், கூடவே அழுகிய முட்டை வாடை. "தொடாதே தம்பி, காய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்" என்றார். இரும்பு சல்பைடு. சொட்டச் சொட்ட நனைத்த பிறகுதான் அள்ளவிட்டார். அந்தத் தூள் வருகிறதென்றால் எங்கோ ஈரமும் கந்தகமும் உள்ளே புகுந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு ஆந்திராவில் 'நகரம்' என்ற பெயருள்ள கிராமமே சாட்சி. 2014 ஜூன் 27 விடியற்காலை 18 அங்குலக் குழாய் கசிந்து தீப்பிடித்ததில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட குழாயில் நீரும் கண்டென்சேட்டும் (வாயு குளிர்ந்து பிரியும் எண்ணெய் மாதிரித் திரவம்) கலந்த வாயு போனதும், உட்புறம் அரித்துப்போனதும் அப்புறம் வெளிவந்தன. துரு வரும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. தெரிந்தது ஒரு மேசையில், முடிவெடுத்தது இன்னொரு மேசையில். அவ்வளவுதான்.

டிஎல்பி கம்பம்

ராமநாதபுரம் பக்கம் கத்தோடிக் புரொடெக்‌ஷன் அளவெடுப்பவன் நான். மண்ணுக்குள் இருக்கும் குழாய் துருப்பிடிக்காமல் மின்சாரத்தால் காக்கும் முறை அது. வழிநெடுக நிற்கும் டெஸ்ட் பாயின்ட் கம்பங்களில் பாதிக்கு மேல் ஆடு கட்டியிருக்கும். ஆட்டை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து, காப்பர் சல்பேட் எலக்ட்ரோடை மண்ணில் ஊன்ற வேண்டும். மைனஸ் 0.85 வோல்ட், இல்லை அதைவிட நெகட்டிவாக வந்தால் சரி. கோடையில் இங்கே மண் ஓடு மாதிரி இருக்கும், மீட்டர் நிலைக்கு வராது. குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை ஊற்றி மண்ணை நனைத்துத்தான் ரீடிங் எடுப்போம்.

முன்பெல்லாம் அந்த எண் ரெஜிஸ்டரில் ஏறித் தூங்கிவிடும். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2012-ல் இன்டெக்ரிட்டி மேனேஜ்மென்ட், அதாவது குழாய் பழுதில்லாமல் இருக்கிறதா என்று கண்காணிக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. என் ரீடிங், பிக் ரிப்போர்ட், குழாய் வழியே நடந்து பார்க்கும் லைன் வாக்கரின் குறிப்பு எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து எந்தப் பகுதியில் ஆபத்து என்று பார்த்தாக வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆபீஸிலிருந்து என்னைக் கூப்பிட்டு "அந்தக் கம்பத்தில் ஏன் குறைந்தது?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் யாரோ படிக்கிறார்கள் என்று தெரிந்தது.

பழைய ஃபைல்

படித்தால் மட்டும் போதாது, ஃபைலில் இருப்பது உண்மையாகவும் இருக்க வேண்டும். 2010 செப்டம்பர் 9 அன்று கலிஃபோர்னியாவின் சான் புரூனோவில் 30 அங்குலக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. குழாய் போட்டது 1956-ல். நிறுவனத்தின் பதிவேட்டில் அந்தத் துண்டு 'சீம்லெஸ்', அதாவது நீளவாக்கில் வெல்டே இல்லாதது. விசாரணையில் தோண்டி எடுத்தால், அது நீளவாக்கில் வெல்டு செய்த குழாய், வெல்டும் அரைகுறை.

நான் ஆவணப் பிரிவில் இருந்தவன். ஒரு பழைய லைனுக்கு மில் சர்ட்டிஃபிகேட் (ஆலை தரும் தரச் சான்று) தேடச் சொன்னார்கள். கான்ட்ராக்டரிடம் இருக்கும் என்று ஒருவர், சைட் ஆபீஸை மூடும்போது மூட்டை கட்டியாகிவிட்டது என்று இன்னொருவர். கடைசியில் கிடைத்த கட்டில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வார்த்த எஃகு என்று காட்டும் எண்) இருந்த மூலையைக் கரையான் முடித்திருந்தது. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன். இது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உள்ள கதையும் இல்லை.

துருக்காரன்

பழைய ஃபைல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1950-களில் அமெரிக்காவில் குழாயில் விரிசல் விட்டால் மைல் கணக்கில் ஓடும். ஒரு கம்பெனியால் மட்டும் தீர்க்க முடியாத பிரச்சினை. அதனால் போட்டிக் கம்பெனிகளே 1952-ல் பணம் போட்டு ஆராய்ச்சிக் குழு அமைத்தன. இன்று அதன் பெயர் பைப்லைன் ரிசர்ச் கவுன்சில் இன்டர்நேஷனல். அமெரிக்காவின் பேட்டல் ஆய்வகத்தில் முழு அளவுக் குழாய்களையே வெடிக்கவைத்துப் பார்த்தார்கள். எஃகுத் துண்டின் மேல் எடையைப் போட்டு உடைத்துப் பார்க்கும் டிராப் வெயிட் டெஸ்ட் அங்கிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் 1972-ல் இதேபோல் ஒரு குழு அமைந்தது.

இங்கேயும் கூட்டு வேலை உண்டு. காந்தப்புலத்தை வைத்துத் தேய்மானம் காட்டும் கருவிப் பிக்கை இந்தியன் ஆயிலும் பாபா அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து உருவாக்கின. நல்ல காரியம். ஆனால் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்பதைக் கம்பெனிகள் ஒரே மேசையில் கொட்டிப் பேசும் பழக்கம் நம்மிடம் இன்னும் போதாது என்பது என் எண்ணம்.

டெல்டா மகன்

நான் விவசாயி வீட்டுப் பிள்ளை. நீங்கள் சொல்வதில் பாதி புரியவில்லை, மன்னிக்கவும். குழாய் வருகிறது என்று எங்கள் வயலுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. சர்வே செய்ய வந்தவர்கள் வரப்பில் கல் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள், கேட்டால் "மேலே கேளுங்க" என்கிறார்கள். நிலம் போய்விடுமா? அப்பா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பழைய ஃபைல்

தம்பி, நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். குழாய்களுக்கான 1962 மத்தியச் சட்டப்படி அவர்கள் எடுப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். நெல், உளுந்து போடலாம். குழாய் ஓடும் அந்தப் பட்டை நிலத்தில் வீடு, கிணறு, குளம், மரம் கூடாது. இதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், பயிர், மரச் சேதத்துக்குத் தனி இழப்பீடு. தொகை பிடிக்கவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

இந்த 10 சதவீதம் போதாது என்பது நியாயமான கோபம். கொச்சி–பெங்களூரு குழாய்க்கு தமிழகத்தின் மேற்கு மாவட்டங்களில் எதிர்ப்பு வந்து, சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்று மாநில அரசு 2013-ல் சொன்னது. உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநில அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஆகவே கோர்ட்டை மட்டும் நம்பி உட்காராதீர்கள். அந்த 1962 சட்டத்தின் பிரிவு 3 அறிவிக்கை கெஜட்டில் வந்த தேதியிலிருந்து 21 நாளுக்குள் தகுதி வாய்ந்த அதிகாரியிடம் ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். சர்வே எண், போர்வெல் இருக்கும் இடம், தென்னை எத்தனை, எல்லாம் எழுதி, நகலில் சீல் வாங்குங்கள். கெஜட் தேதி என்ன?

டெல்டா மகன்

கையில் இருப்பது ஜெராக்ஸ். தேதி இருக்கிற இடம் கருப்பாக விழுந்திருக்கிறது அண்ணா. காலையில் தாலுகா ஆபீஸ் போய்க் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.