‘வெளிப்படை’க்குப் பதில் ‘எட்டுமை’ சரிவருமா?

காப்புரிமைச் (பேட்டன்ட்) சட்டத்தில் வரும் ஆப்வியஸ்நெஸ்ஸுக்கு, அதாவது ஒரு கண்டுபிடிப்பு துறையறிந்தவருக்கு எளிதில் தோன்றிவிடும் தன்மைக்கு, ‘வெளிப்படைத்தன்மை’ என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். அந்தச் சொல்லை நாம் எப்போதோ டிரான்ஸ்பரன்சிக்குக் கொடுத்துவிட்டோம். அதைவிடப் பெரிய சிக்கல், ஒன்று ஏற்கெனவே வெளிப்பட்டிருந்தால் அடிபடுவது அதன் புதுமை. இங்கே கேள்வியே வேறு. இதுவரை யாரும் செய்யவில்லை, சரி. ஆனால் துறையறிந்த ஒருவருக்கு இது சுலபமாகத் தோன்றியிருக்குமா?

ஒளிப்படத் துறையிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1873இல் ஜெர்மன் ஒளிப்பட வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் சோதித்த சில ஒளிப்படத் தட்டுகள், வழக்கமான நீலத்தோடு நிற்காமல் பச்சை ஒளியையும் நன்றாகப் பதிவு செய்தன. காரணம், அவற்றில் கலந்திருந்த சாயம். ஒளி தட்டுக்குள் பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்காமல் இருக்கத்தான் அதைச் சேர்த்திருந்தார்கள். அதுவோ, வெள்ளி உப்பு உறிஞ்சாத பச்சையைத் தான் உறிஞ்சி அதற்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாயம் கண்ணெதிரேதான் இருந்தது, சாயத்தைக் கொண்டே தட்டைப் பச்சைக்கும் பழக்கலாம் என்ற எண்ணம்தான் யாருக்கும் எட்டவில்லை. ‘வெளிப்படை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எப்படி எழுதுவது?

சாயம்தான் காரணம் என்று ஃபோகல் சொன்ன பிறகு இன்னொரு சாயத்தைப் போட்டுப் பார்ப்பது துறையில் இருக்கும் எவருக்கும் எட்டும். (அந்தச் சாயம் யாரும் எதிர்பாராத விளைவைத் தந்தால் வாதம் மாறிவிடும், அது வேறு கதை.)

ஆகவே என் பரிந்துரை: எட்டுமை, எட்டாமை. பெயரடையாக வரும்போது ‘எளிதில் எட்டும்’. எண் எட்டு நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். ‘அறிவுக்கு எட்டாத’ என்று படிக்கும்போது யாரும் விரல்விட்டு எண்ணுவதில்லையே!

இதை ‘எட்டக்கூடிய’ என்று மட்டும் நீட்டிவிட வேண்டாம். ஐரோப்பிய காப்புரிமை அலுவலகம், துறையறிந்தவர் ‘செய்திருக்க முடியுமா’ என்பதோடு நிற்பதில்லை, ‘செய்திருப்பாரா’ என்று கேட்கிறது. முடியும் என்றால் எதுவும் முடியும். தட்டின் பூச்சில் எதை வேண்டுமானாலும் கலக்கலாம். கலக்க வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்ற ஒரு காரணம் இருந்ததா என்பதுதான் பேச்சு. ‘எட்டும்’ என்ற வடிவம் அந்த ‘செய்திருப்பார்’ பக்கம் நிற்கிறது. ‘எட்டக்கூடிய’ மறுபக்கம் சாய்ந்துவிடுகிறது.

அப்புறம் ஹைண்ட்சைட். விடை தெரிந்தபின் ‘இது என்ன பிரமாதம்’ என்று தோன்றுகிற அந்தக் கோளாறு. ‘பின்னோக்கறிவு’ என்றால் ஏதோ நல்ல குணம்போல ஒலிக்கிறது. ‘பின்புத்தி’ கச்சிதமாகப் பொருந்துகிறது, ஆனால் தீர்ப்பில் எழுதினால் நீதிபதியைத் திட்டியதுபோல் ஆகிவிடும். வேறு சொல் யாரிடமாவது இருக்கிறதா?