நாட் விமானமும் நாற்பதாயிரம் ரூபாய் லென்ஸும்: உங்கள் அனுபவம் என்ன?

கோயம்புத்தூரிலிருந்து:

சின்ன மாடல்களைப் படம் எடுப்பதில் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குக் கூச்சம் குறையும்.

சூலூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். தலைக்கு மேல் தேஜஸ் போகும் சத்தத்தில்தான் பல நாள் கண்விழிக்கிறேன். 2020-இல் இங்கே தேஜஸ் ஓட்டத் தொடங்கிய 18-வது படைப்பிரிவு, 1971 போரில் ஓட்டியது நாட் என்னும் குட்டி விமானம். நிர்மல்ஜித் சிங் சேகோன் பறந்து உயிர் நீத்ததும், பரம் வீர் சக்ரா பெற்றதும் அந்த விமானத்தில்தான். அந்தப் பித்தில் 1/72 அளவில், அதாவது உண்மை விமானத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக, ஒரு நாட் மாடல் செய்தேன். 1965 காலத்து வெள்ளி நிறம். மூக்கிலிருந்து வால் வரை பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இறக்கையின் முனைக்கு முனை ஒன்பதரைகூட இல்லை. மூன்று மாத வேலை.

கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் படம் எடுத்தேன். மூக்கு தெளிவு, வால் மூடுபனி. கடைக்குப் போனேன். "சின்னப் பொருளா? மேக்ரோ இல்லாமல் முடியாது சார்" என்றார்கள். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து 105 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வாங்கி வந்து மாட்டினேன். மூக்கு அற்புதம், விமானி அறையின் கண்ணாடி விளிம்பில் நான் விட்ட பசைக் கறைகூடத் தெரிந்தது. வால் மட்டும் பழையபடி மூடுபனியில்.

வாங்குமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கை வாங்கிய பின் போட்டேன். மேக்ரோ லென்ஸின் பெருமை, பொருளின் உருவத்தை அதன் உண்மை அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில், விழச் செய்வது. என் கேமராவின் சென்சார் அகலம் 23.5 மில்லிமீட்டர். அந்தப் பெருமையை முழுதாகப் பயன்படுத்தினால் நாட் விமானத்தின் விமானி அறை மட்டும்தான் படத்துக்குள் அடங்கும். முழு விமானமும் சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடமும் வேண்டுமென்றால் 15 சென்டிமீட்டர் அகலம் தேவை. அதற்கு ஆறில் ஒரு பங்கு உருப்பெருக்கம் போதும். இலவசம்போல வந்த 18-55 லென்ஸே மூன்றில் ஒரு பங்கு தருகிறது!

வால் மங்கியதற்குக் காரணம் வேறு. ஒரே அகலக் காட்சியை எடுக்கும் வரையில், லென்ஸ் 40 ஆனாலும் 105 ஆனாலும் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒன்றுதான். அதைக் கூட்டிக் குறைப்பது அப்பர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. எஃப் எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். அந்த 15 சென்டிமீட்டர் காட்சியில் எஃப் 5.6 வைத்தால் கிடைக்கும் ஆழம் ஒரு சென்டிமீட்டர். எஃப் 16 வைத்தால் மூன்று. சாய்வாக நிற்கும் விமானத்துக்கோ பத்து சென்டிமீட்டராவது வேண்டும். எஃப் 32 வரை மூடினால் என்ன என்று அதையும் பார்த்தேன். துளை அவ்வளவு சிறுக்கும்போது ஒளி சிதறி, படம் முழுவதும் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்ப்பது போல் ஆகிவிட்டது.

கடைசியில் உதவியது வெட்கப்படும் அளவுக்கு எளிய வழி: கேமராவைப் பின்னால் நகர்த்தினேன். காட்சியின் அகலம் 30 சென்டிமீட்டர் ஆயிற்று. 6000-க்கு 4000 புள்ளிகள் கொண்ட படத்தில் நடுவில் இருக்கும் 3000-க்கு 2000-ஐ மட்டும் வெட்டி எடுத்தேன். எஃப் 16-லேயே ஆழம் ஆறு சென்டிமீட்டரைத் தொட்டது. திரையில் பார்க்க ஆறு மெகாபிக்சல் தாராளம்.

இன்னொரு கூத்து. வெள்ளி நிறம் கண்ணாடி மாதிரி. விமானத்தின் வயிற்றுப் பகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தால் என் கட்டம் போட்ட லுங்கி தெரிகிறது. அடுத்த நாள் காலை மொட்டை மாடியில் துணிக்கொடியில் வெள்ளை வேட்டியை விரித்து, வெயில் அதன் வழியாக வடிந்து விழும்படி செய்தேன். லுங்கி போய்விட்டது, வண்ணமும் நன்றாக வந்தது. ஆனால் வாலின் நுனி இன்னும் சரியாக விழவில்லை. நீங்கள் யாரேனும் இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

பெரம்பூரிலிருந்து:

தம்பி, லென்ஸை விற்றுவிடாதீர்கள், வேலைக்கு ஆகும். என் கதையைக் கேளுங்கள்.

நான் ரயில் ஆள். 1955-இல் தொடங்கிய நம் ஊர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணிசெய்து ஓய்வு பெற்றவன். அங்கே செய்ததையே இப்போது வீட்டில் 1/87 அளவில் அட்டையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்கிறேன். வீட்டு அம்மாள் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது. உண்மைப் பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், என் மேசையில் அது இருபத்து நாலரை சென்டிமீட்டர். ஐந்து பெட்டி கோத்தால் ஒன்றேகால் மீட்டர். உங்களுக்குப் பத்து சென்டிமீட்டர் பிரச்சினை, எனக்கு நடைமேடையில் நின்று வண்டியின் நீளத்தைப் பார்க்கும் கோணத்தில் ஒரு மீட்டருக்கு மேல்.

முன்பு என்னிடம் ஒரு பழைய சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு. அதில் எஃப் 8 வைத்தால் வண்டி முழுவதும் ஓரளவு தெளிவாக விழும். மகன் பாசத்தோடு பெரிய கேமரா வாங்கிக் கொடுத்தான், படங்கள் மோசமாகிவிட்டன. பிள்ளையின் மனம் நோகக் கூடாதென்று ஆறு மாதம் சொல்லவில்லை. பெரிய சென்சார் இருட்டில் நன்றாக வேலை செய்யும், உண்மை. நம் தொழிலில் அது ஆழத்தைத் தின்றுவிடுகிறது.

பிறகு அடுக்கி எடுக்கும் முறையைக் கற்றுக்கொண்டேன். கேமராவை அசைக்காமல், ஃபோகஸை மட்டும் முன்னாலிருந்து பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பதினைந்து இருபது படங்கள் எடுக்க வேண்டும். ஹெலிகான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த பகுதியை மட்டும் எடுத்து ஒட்டிவிடும். ஒலிம்பஸ் 2015-லேயே ஒரு கேமராவுக்குள்ளேயே இந்த ஒட்டும் வேலையைக் கொண்டுவந்துவிட்டது. நான் இன்னும் கையால்தான் திருகுகிறேன்.

முதல் முயற்சியில் மூன்றாம் பெட்டிக்கு இரண்டு கூரைகள் முளைத்திருந்தன. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, பெட்டி நூலளவு அசைந்திருக்கிறது. இரண்டாம் முயற்சியில் தெருவில் தண்ணீர் லாரி போனது. இப்போது விசிறியை நிறுத்திவிட்டு, இரவு பதினோரு மணிக்கு மேல், செல்ஃப் டைமர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கிறேன். முக்காலிக்குக் கீழே பச்சரிசி மூட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். நீங்கள் லென்ஸுக்குக் கொடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை நல்ல முக்காலிக்குக் கொடுத்திருந்தால் போதும் என்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். தொழிலில் புகைப்படக்காரர், மனத்தால் ரயில்காரர். மலையும் பாலமும் பள்ளத்தாக்குமாக வீட்டுக்குள் ஒரு ரயில் உலகத்தையே கட்டினார். 1973-இல் அவர் இறந்த சில நாட்களுக்குள் தீப்பிடித்து அந்த அமைப்பு அழிந்துபோயிற்று. இன்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி அவர் எடுத்துவைத்த படங்கள்தான். அதனால்தான் வீட்டில் என்ன பெயர் வைத்தாலும் நான் படம் எடுப்பதை விடவில்லை.

ஆவடியிலிருந்து:

அண்ணா, ஐயா, இருவரும் ஆழத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பிரச்சினை உயரம்.

நான் 1/35 அளவில் டாங்கிகள் செய்கிறேன். எல்லோரும் மேலிருந்து கீழே பார்த்துத்தான் படம் எடுக்கிறோம். அதில் எவ்வளவு நுணுக்கமாகச் சேறு பூசினாலும் பொம்மை பொம்மையாகத்தான் தெரிகிறது. நிஜ டாங்கியைக் கூரையிலிருந்தா பார்க்கிறோம்? தரையில் நின்று பார்க்கிறோம். கண் உயரம் 1.6 மீட்டர் என்றால் 1/35 அளவில் அது நாலரை சென்டிமீட்டர். கோவை அண்ணனின் 1/72 விமானத்துக்கு வெறும் 22 மில்லிமீட்டர்! பெரிய கேமராவைத் தரையில் அப்படியே வைத்தாலும் லென்ஸின் நடுப்புள்ளி அதைவிட உயரத்தில் நிற்கும்.

நான் கண்டுபிடித்தது என்று பெருமையடிக்க மாட்டேன், பலர் செய்வதுதான். கைபேசியைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் நிறுத்துங்கள். லென்ஸ் இருக்கும் மூலை கீழே வந்துவிடும். தரையிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். முதல் நாள் அப்படி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அப்பா, "இது எந்த மைதானத்தில் எடுத்தது?" என்று கேட்டார். சமையலறை மேசைதான் அது. பின்னால் இருந்தது நீல சார்ட் அட்டை.

கைபேசியில் இரண்டு எச்சரிக்கைகள். போர்ட்ரெய்ட் முறையைத் தொடாதீர்கள். பின்னணியை மங்கலாக்குகிறேன் என்று டாங்கியின் ஆன்டெனாக் கம்பியை அழித்துவிடும். ஒரு மணி நேரம் விளக்குத் தீயில் பிளாஸ்டிக்கை நீட்டிச் செய்த கம்பி அண்ணா அது! அடுத்து, ரொம்பப் பக்கத்தில் போனால் பல கைபேசிகள் நம்மைக் கேட்காமலே அகல லென்ஸுக்கு மாறிவிடும். பீரங்கிக் குழல் யானைத் தும்பிக்கை ஆகிவிடும். கொஞ்சம் பின்வாங்கி இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் தப்பிக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து:

மேக்ரோ லென்ஸை எல்லோரும் சேர்ந்து அடிக்கிறீர்கள். நான் 1/35 சிப்பாய்களுக்கு முகம் வரைபவன். அந்தத் தலையின் உயரம் ஆறேழு மில்லிமீட்டர். கண்விழியில் நான் வைத்த வெள்ளைப் புள்ளியைக் காட்ட மேக்ரோவை விட்டால் வழியில்லை. விமானத்துக்கு வேண்டாம் என்பதால் யாருக்கும் வேண்டாம் என்றாகிவிடாது.

விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. இடப்புறம் மஞ்சள் பல்பும் வலப்புறம் வெள்ளை பல்பும் வைத்து எடுத்து, ராணுவப் பச்சையைப் பாதிப் பழுப்பாக்கி, வண்ணம் தவறு என்று நினைத்து முழுவதையும் மறுபடி பூசிய ஆள் நான். இரண்டு விளக்கும் ஒரே வகையாக இருக்கட்டும். நிறங்களை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு சி.ஆர்.ஐ.; பெட்டியில் அது 90-க்கு மேல் என்று இருந்தால் வாங்குங்கள். சாம்பல் அட்டை ஒன்றை வைத்து கேமராவில் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்துவிட்டு, அதன் பிறகு தூரிகையைக் குறை சொல்லலாம்.

காரைக்குடியிலிருந்து:

விளக்கே வேண்டாம் என்பது என் கட்சி. சூரியன் இருக்கிறது. மேசை விளக்கு பக்கத்தில் இருப்பதால் நிழல்கள் விசிறிபோல விரிகின்றன. சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நிழல்கள் எல்லாம் ஒரே திசையில் விழுகின்றன. மாடலைப் பார்க்கும் கண் இந்த வித்தியாசத்தைக் காரணம் தெரியாமலே உணர்ந்துவிடுகிறது.

மைக்கேல் பால் ஸ்மித் என்ற அமெரிக்கர் 1/24 அளவுக் கார்களை ஒரு மேசையில் வைத்து, பின்னால் இருக்கும் நிஜத் தெருவையும் மரங்களையும் சேர்த்துப் படம் எடுத்தார். அவர் பயன்படுத்தியது சாதாரணச் சின்ன கேமரா. பார்ப்பவர்கள் 1950-களின் ஊர் என்றே நம்பினார்கள். அதைப் பார்த்து எனக்கும் ஆசை வந்தது. என்னிடம் 12 சென்டிமீட்டர் நீள அம்பாசடர் இருந்தது. உண்மை வண்டி 4.3 மீட்டர், ஆக அளவு 1/36.

முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீண். கார் செட்டிநாட்டு வீட்டை விழுங்க வந்த பூதம் போலவே இருந்தது. பிறகுதான் புரிந்தது: கேமராவிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும் இந்தக் காரைக் கண் 36 மீட்டர் தூரத்து வண்டியாகப் படிக்கிறது. வீடு அதற்குக் கொஞ்சம் பின்னால், 40 மீட்டரில் இருக்க வேண்டும். நான் பத்து மீட்டரில் நின்றுகொண்டிருந்தேன். கேமரா என் கண் உயரத்தில் இருந்தால், பலகை அதற்கு நாலரை சென்டிமீட்டர் மட்டும் கீழே, ஏறத்தாழ மூக்கு உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு முக்காலிகளும் ஒரு கதவுப் பலகையுமாகத் தெருவில் நின்றேன். பால்காரர் வண்டியை நிறுத்தி, "நிலம் அளக்கிறீர்களா?" என்று விசாரித்தார்.

இங்கே பெரிய கேமரா தோற்கும். ஒரு மீட்டரும் நாற்பது மீட்டரும் ஒன்றாகத் தெளிய வேண்டும். சின்ன சென்சார் கைபேசியில் இரண்டு மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் ஒரு மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஏறக்குறைய எல்லாம் தெளிவு. நான்காம் ஞாயிறு அம்பாசடர் வீட்டு வாசலில் நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து, மீண்டும்:

பெரம்பூர் ஐயா, கோபமே இல்லை. அரிசி மூட்டைக்குப் பதில் துவரம் பருப்பு.

ஆவடித் தங்கை சொன்னபடி கைபேசியைத் தலைகீழாக வைத்துப் பார்த்தேன். நாட் முதன்முறையாக விமானமாக நின்றது. 105-இல் ஏன் அப்படி வரவில்லை என்று டேப்பை வைத்து அளந்தேன். அந்த லென்ஸில் முழு விமானத்தையும் எடுக்க முக்கால் மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. 72-ஆல் பெருக்கினால் 55 மீட்டர். ஓடுபாதையின் அந்தப் பக்கம் நின்று தொலைநோக்கியில் பார்ப்பது போல. கைபேசி 14 சென்டிமீட்டரில் நின்றது. அது பத்து மீட்டர் கணக்கு. பக்கத்தில் போய் நிற்பது என்றால் அதுதானே. வேலைப்பாட்டைக் காட்ட 105, விமானத்தைக் காட்ட கைபேசி என்று முடிவு செய்திருக்கிறேன்.

மேக்ரோவில் பதினெட்டுப் படங்கள் எடுத்து, ஐயா சொன்ன மாதிரி அடுக்கி ஒட்டினேன். வாலின் நுனி கடைசியில் தெளிவாக விழுந்தது. அதில் என் வலது கட்டைவிரல் ரேகை, வெள்ளி வண்ணத்தில் பதிந்து, ஒரு வரிகூட விடாமல் தெரிகிறது. நாளை உப்புத்தாள் எடுத்து உட்காருகிறேன்.