வுட் தெருக் கட்டிடம் கதர் தலைமையகமா, இல்லையா?

ஓலைச்சுவடி:
சான் பிரான்சிஸ்கோவில் 5, வுட் தெரு. இந்திய விடுதலைக்காக அமெரிக்காவில் குடியேறிய இந்தியர்கள் தொடங்கிய கதர் கட்சியின் தலைமையகம் என்று எல்லாரும் காட்டும் இடம். (கதர் துணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உருதுவில் கலகம் என்று பொருள்.) அங்கே இப்போது நிற்பது 1974-ல் அடிக்கல் நாட்டி 1975-ல் திறந்த புதுக் கட்டிடம். பழைய வீட்டை இடித்தாயிற்று. இதைப் போய் 'கட்சியின் இளம் புரட்சிக்காரர் கர்த்தார் சிங் சராபா பத்திரிகை அச்சடித்த இடம்' என்று பகிர்கிறார்கள். கட்சிப் பத்திரிகை 'கதர்' முதல் இதழ் 1913 நவம்பர் 1-ல் வந்தது அதே ஊரில் 436, ஹில் தெருவிலிருந்து. சராபா 1914-லேயே இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார், 1915 நவம்பர் 16-ல் லாகூரில் தூக்கு. கட்சி வுட் தெருவுக்கு வந்ததே 1917-ல்தான்.

மேற்குக்கரை:
தேதிகள் சரி, முடிவு தப்பு. ஹில் தெரு ஆரம்ப விலாசம், அவ்வளவுதான். வுட் தெரு கட்சியின் சொந்த இடம். சுதந்திரம் வரைக்கும் கையில் வைத்திருந்து, பிறகு இந்திய அரசிடம் ஒப்படைத்தார்கள். மர ஆலைக் கூலிகளும் பண்ணையாட்களும் கொடுத்த காசில் ஓடிய கட்சி அது. வேறு எங்கே நினைவிடம் வைப்பது?

ஓலைச்சுவடி:
நினைவிடம் வையுங்கள், யார் வேண்டாமென்றது? சராபாவை அங்கே குடியேற்றாதீர்கள் என்கிறேன்.

கல்லச்சு:
இரண்டு பேரும் சுவரைப் பற்றியே பேசுகிறீர்கள். யுகாந்தர் ஆசிரமம் என்று கட்சி பேரிட்ட அந்தத் தலைமையகத்தின் உயிர் அச்சில் இருந்தது. உருது இதழ் ஈய எழுத்து கோத்து வந்ததல்ல, கையால் எழுதிக் கல்லில் ஏற்றியது. கல்லச்சில் வேலை இப்படி: பசை தடவிய தாளில் கொழுப்பு மசியால் எழுதி, ஈரச் சுண்ணாம்புக்கல்லின் மேல் கவிழ்த்து அழுத்துவார்கள். எழுத்து கல்லில் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி இறங்கும், அதனால் தாளில் நேராக விழும். பிறகு அமிலம் கலந்த கோந்துத் தண்ணீர் பூசுவார்கள். அமிலம் கூடினால் மெல்லிய கோடும் புள்ளியும் கரைந்துபோகும். உருதுவில் 'ப'வுக்கு மூன்று புள்ளி, அதில் இரண்டு போனால் வேறு எழுத்து! கல் காய்ந்தால் வெற்றிடத்திலும் மை ஒட்டி பக்கமே கறுத்துவிடும். ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் ஈரத்துணியால் துடைத்தே ஆகவேண்டும். இதை அங்கே செய்து காட்டினால் கட்டிடம் எந்த வருஷத்தது என்று ஒருவரும் கேட்கமாட்டார்.

மேற்குக்கரை:
இது நல்ல யோசனை. அந்த நகரம் ஏன் என்பதையும் சேர்க்கவேண்டும். பசிபிக் துறைமுகம் அது. ஹாங்காங், ஷாங்காய், மணிலா சீக்கியர்களுக்குத் தபால் கட்டுகள் கப்பலில் போயின. 1913-ல் கட்சி உருவானதோ ஆரிகன் மாநிலத்தில், அச்சு மட்டும் சான் பிரான்சிஸ்கோவில்.

ஓலைச்சுவடி:
அசல் வீடு நின்றாலும் போதாதுதான், ஒப்புக்கொள்கிறேன். லண்டன் ஹைகேட்டில் இந்தியப் புரட்சிக்காரர்கள் கூடிய மாணவர் விடுதியான இந்தியா ஹவுஸ் அப்படியே இருக்கிறது. அங்கே சுவரில் பதித்த நினைவு நீலப் பலகையில் சாவர்க்கர் பெயர் மட்டும், அங்கே இயங்கிய வ.வே.சு. ஐயர் இல்லை. ஆனால் வுட் தெருவில் 'பழைய வீடு இடிக்கப்பட்டது, பத்திரிகை தொடங்கியது ஹில் தெருவில்' என்று இரண்டு வரி வாசலிலேயே வேண்டும்.

மேற்குக்கரை:
வாசலில் வேண்டாம், அச்சுக்கல் பக்கத்தில் வையுங்கள்.

ஓலைச்சுவடி:
வாசலில்தான். உள்ளே போகாதவர்கள்தானே படமெடுத்துப் பகிர்கிறார்கள்.