37 வயதில் பி.காம்: நகையை அடகு வைக்கலாமா?

நூல்கண்டு:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பு நின்றுபோனது. டேலி கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி எல்லாம் கைப்பழக்கத்தில் வரும், ஆனால் மேலே ஓர் இடம் காலியானால் "டிகிரி இருக்கா?" என்று கேட்டுவிட்டு நேற்று சேர்ந்த பையனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தெரிந்தவர் சொன்ன ஒரு சென்டரில் விசாரித்தேன், மொத்தம் 65,000, ஒரே தவணையில் கட்டினால் ஒரே வருடத்தில் பட்டம் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். இந்த வயதில் கல்விக் கடன் கிடைக்குமா, இல்லை நகையை வைத்துவிடலாமா? மகளுக்கும் ஸ்கூல் பீஸ் கட்ட வேண்டியிருக்கிறது.

கடைசிபெஞ்ச்:
நகையைத் தொடாதீங்க அக்கா. மூன்று வருடப் பட்டத்தை ஒரு வருடத்தில் தருகிறேன் என்பவன் தருவது வெறும் காகிதம். இக்னோ என்கிற இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சரி, சென்னை சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் சரி, பி.காமுக்குக் குறைந்தது 3 வருடம். நேராக அவர்களின் இணையதளத்திலேயே சேரலாம், நடுவில் ஆள் எதற்கு? கட்டணமும் வருடா வருடம்தான், அதுவும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும், சம்பளத்திலேயே சமாளிக்கலாம். சேருவதற்கு முன் அந்தப் படிப்புக்கு யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்வி அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

கவுன்ட்டர்நம்பர்3:
வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது பெரிய தடையில்லை, ஆனால் தொலைதூரப் படிப்புக்குப் பொதுவாகக் கடன் தர மாட்டோம், அது ரெகுலர் படிப்புக்கானது. அப்படி ரெகுலர் படிப்புக்கு வாங்கினால் கட்டும் வட்டிக்கு வருமான வரியில் 8 வருடம்வரை விலக்கு உண்டு, சொந்தப் படிப்பானாலும் சரி. ஆனால் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை வரிக் கழிவுக்குக் காட்டுவது போல நம் சொந்தக் கட்டணத்தைக் காட்ட முடியாது, பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். உங்களுக்கு எப்படியும் கடன் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிறுவகுப்பு:
நான் இக்னோவில் படிப்பவன். சேர்க்கைக் கட்டணத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள், ஒவ்வொரு தாளுக்கும் தேர்வுக் கட்டணம் தனி, அப்புறம் தேர்வு மையத்துக்குப் போய்வரும் பஸ் செலவு. அதைவிடப் பெரிய செலவு லீவுதான். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி மாதக் கணக்கை (3பி) தாக்கல் செய்துவிட்டுப் போ என்று முதலாளி நிற்பார், அதனால் இப்போதே பேசி வையுங்கள். அசைன்மென்ட்டுக்குப் பெரும்பாலான தாள்களில் 30 சதவீத மதிப்பெண், அதைத் தேர்வுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். ஒரு வருடம் கை இறுக்கமாக இருந்தால் பயப்பட வேண்டாம், முடிக்க 6 வருடம்வரை நேரம் தருகிறார்கள்.

நூல்கண்டு:
ரொம்ப நன்றி. சென்டர்காரர் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார், எடுக்கவில்லை. நாளைக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம் என்று தோன்றினால் இந்தப் பட்டம் செல்லுமா?

கடைசிபெஞ்ச்:
பத்து, பிளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை சரியாக இருந்தால் செல்லும், உங்களுக்கு இருக்கிறது. பிளஸ் டூ முடிக்காமல் நேராகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அங்கே சிக்கல். ஜூலை சேர்க்கை தவறினால் அடுத்தது ஜனவரி, மதிப்பெண் பட்டியலை முதலில் ஸ்கேன் செய்து வையுங்கள்.