மறு: எக்கோ கேன்சலர் – ‘எதிரொலி நீக்கி’ போதுமா?

வணக்கம். தொலைபேசியில் நம் குரலே நமக்குத் திரும்பி வருவதைத் தடுக்கும் ‘எக்கோ கேன்சலர்’ கருவிக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> ‘எதிரொலி நீக்கி’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வேலை செய்யும் விதத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கருவிகள் அந்த ஒரே சொல்லுக்குள் மாட்டிக்கொள்கின்றன. அதனால்தான் தயங்குகிறேன்.

முதலில் நோயைப் பார்த்துவிடுவோம். இணையத் தொலைபேசி அமைத்துத் தரும் வேலையில் நான் அதிகம் கேட்ட புகார், “சார், என் குரலே எனக்கு எக்கோ அடிக்குது” என்பது. உடனே புகார் சொன்னவரின் போனை மாற்றுவார்கள், ரூட்டரை மாற்றுவார்கள். நானும் ஓர் அலுவலகத்தில் இப்படி இரண்டு நாள் வீணாக்கியிருக்கிறேன். கோளாறு அங்கே இல்லை. என் குரல் எனக்கே திரும்பி வந்தால், திருப்பி அனுப்புவது எதிர்முனை. அந்த முனையில் இருப்பவரோ, “எனக்கு நல்லாத்தானே கேக்குது” என்பார். அவர் சொல்வதும் உண்மை.

வீட்டுக்கு வரும் பழைய இணைப்பு இரண்டு கம்பி. போகும் பேச்சும் வரும் பேச்சும் அந்த இரண்டிலேயே. தொலைபேசி நிலையத்துக்கு அப்பால் போக்குக்கு ஒரு சோடி, வரவுக்கு ஒரு சோடி என்று நான்காகிவிடும். இரண்டு கம்பியும் நான்கு கம்பியும் சந்திக்கும் ஹைப்ரிட் சுற்றில் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்குச் சுற்று காட்டும் தடை, இம்பீடன்ஸ்) சரியாகப் பொருந்தாவிட்டால், வந்த பேச்சில் ஒரு பங்கு வந்த திசைக்கே திரும்பிவிடும். இது தொலைபேசி அளவுக்கே பழைய சங்கதி. உள்ளூர் அழைப்பில் சில மில்லிநொடிக்குள் திரும்பிவிடுவதால் காது அதைத் தன் குரலோடு சேர்த்துக்கொண்டு பேசாமல் இருந்தது. இணையத்தில் பேச்சை 20 மில்லிநொடித் துண்டுகளாகப் பொட்டலம் கட்டுகிறோம். பொட்டலங்கள் முன்பின்னாக வருவதால் எதிர்முனையில் கொஞ்ச நேரம் நிறுத்தியும் வைக்கிறோம். போக வர 300 மில்லிநொடி ஆவது சாதாரணம். ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளியிருக்கும் பாறையைப் பார்த்துக் கத்துவதற்கு இது சமம். ஆக இந்த எதிரொலியை இணையம் உண்டாக்கவில்லை, காட்டிக்கொடுத்தது.

இன்னொரு வகை, ஸ்பீக்கரில் வரும் குரலை மைக் திரும்பப் பிடித்து அனுப்புவது. எதிர்முனைக்காரர் ஹெட்செட் மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். முதல் வகையை ‘கம்பி எதிரொலி’ என்றும் இதை ‘அறை எதிரொலி’ என்றும் சொல்லலாம். இதில் சண்டை வராது என்று நினைக்கிறேன்.

இனி கருவிகள். முதலில் வந்தது எக்கோ சப்ரஸர். ஒருவர் பேசும்போது எதிர்த்திசைப் பாதையை அடைத்துவிடும், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து பேசினால் யாராவது ஒருவர் வார்த்தை வெட்டுப்படும். செயற்கைக்கோள் வழி அழைப்புகள் வந்தபோது இந்தக் குறை சகிக்க முடியாததாகிவிட்டது. குரல் சுமார் 36,000 கி.மீ. ஏறி இறங்கி, எதிரொலியும் அதே தூரம் ஏறி இறங்கித் திரும்பக் கிட்டத்தட்ட அரை நொடி ஆகும். 1960களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கேன்சலர் உருவானது. அதைப் பற்றி அங்கே பணியாற்றிய மன் மோகன் சோந்தியின் கட்டுரை 1967இல் வந்தது. கேன்சலர் பாதையை அடைப்பதில்லை. வருகிற பேச்சை வைத்து, அதன் எதிரொலி எப்படி இருக்கும் என்று ஒரு நகல் தயாரிக்கிறது. திரும்பும் குறிகையிலிருந்து (சிக்னல்) அந்த நகலைக் கழிக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று பார்த்து நகலைத் திருத்திக்கொண்டே போகிறது. பேச்சை நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்கினால், 128 மில்லிநொடி நீள எதிரொலிக்கு 1024 எண்களை ஓயாமல் திருத்த வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்கேதான். அதனால் என் முன்மொழிவு: சப்ரஸர் ‘எதிரொலி அடக்கி’, கேன்சலர் ‘எதிரொலி கழிப்பி’.

> ‘கழிப்பி’ என்றால் கழிப்பறை நினைவு வருகிறது.

எனக்கும் வந்தது. ஐந்தில் இரண்டைக் கழிக்கும் பிள்ளைக்கு வருவதில்லை, நாமும் பழகிவிடுவோம். ‘கழிப்பான்’ மட்டும் வேண்டாம். “பொழுதைக் கழிப்பான்” என்று வினைமுற்றாகிப் பல்லிளிக்கும்.

> ‘சிலம்பொலி நீக்கி’ பரிசீலிக்கலாமா?

ஆசையாகத்தான் இருக்கிறது. எதிரொலித்தலுக்குச் ‘சிலம்புதல்’ பழஞ்சொல், மலைக்கும் சிலம்பு என்று பெயர் உண்டு. ஆனால் இன்று சிலம்பு என்றால் காலில் கிடப்பதுதான். அதை நீக்கினால் கண்ணகி வந்து நிற்பாள்.

இருவரும் ஒரே சமயத்தில் பேசும் நிலைக்கு ‘இரட்டைப் பேச்சு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது இரட்டை நாக்குக்காரனைத் திட்டுவது போல இருக்கிறது. ‘உடன்பேச்சு’ என்போமே. கழிப்பி உடன்பேச்சை அடையாளம் கண்டு, அந்த நேரத்தில் திருத்துவதை நிறுத்திவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்துக் குரலையே எதிரொலி என்று எண்ணிக் கணக்கைக் கெடுத்துக்கொள்ளும்.

லைனில் வேண்டுமென்றே லேசாக விடும் இரைச்சலான ‘கம்ஃபர்ட் நாய்ஸ்’க்குச் சொல் எனக்குப் பிடிபடவில்லை. ‘ஆறுதல் இரைச்சல்’ துக்க வீட்டுச் சொல்லாக இருக்கிறது.

———

மறு: மறு: எக்கோ கேன்சலர்

கழிப்பிக்கு என் ஒப்புதல். ஒரு சந்தேகம் மட்டும். கழித்த பிறகும் மிஞ்சுகிற கொசுறு எதிரொலியை கேன்சலரும் கடைசியில் அடைக்கத்தானே செய்கிறது? அப்போது உங்கள் பாகுபாடு நிற்குமா?

அந்த இரைச்சலுக்கு: அடைத்ததும் லைன் செத்தது போலாகி, “ஹலோ, இருக்கீங்களா?” என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்காமல் இருக்கத்தான் லேசாக இரைச்சல் விடுகிறார்கள். ‘உயிர்ப்பிரைச்சல்’ எனலாமா?

———

மறு: மறு: மறு: எக்கோ கேன்சலர்

பாதி உடைகிறது, ஒப்புக்கொள்கிறேன். கழிப்பியின் கடைசிப் படியில் ஒரு சின்ன அடக்கி உட்கார்ந்திருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு, கழிப்பிகளுக்கென்றே வெளியிட்ட ஜி.168 பரிந்துரையும் அதைத் தனி உறுப்பாகவே வைத்துப் பேசுகிறது. ஆனால் பெயர் இரண்டாக இருப்பதால்தான் இதை நான் இப்போது எழுதவே முடிந்தது. “எதிரொலி நீக்கிக்குள் ஓர் எதிரொலி நீக்கி” என்று எழுதிப் பாருங்கள்.

உயிர்ப்பிரைச்சல் அருமை. உயிர்ப்பு என்றால் மூச்சு என்றும் பொருள், அந்த ‘ஸ்ஸ்’ சத்தமும் மூச்சு மாதிரிதான் இருக்கும். ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் அடக்கி, கழிப்பி, உடன்பேச்சு, உயிர்ப்பிரைச்சல் நான்கையும் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன். ஹைப்ரிட்டுக்கு யாராவது சொல் வைத்திருந்தால் அனுப்புங்கள். ‘கலப்பி’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எதையும் கலப்பதில்லை, பிரிக்கத்தான் பார்க்கிறது.