மூத்திரப்பைக் கட்டிக்கு பைராக்ஸிகாம், ஃபென்பெண்டசோல், மஞ்சள்: மலம் கறுப்பா போகுது, எதை நிறுத்தணும்?

கடலோரம் (சாட்ஸ்வொர்த்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க நாய் வெஸ்டி இனம், பெண், கருத்தடை ஆனது, 11 வயசு, 9 கிலோ. அடிக்கடி குந்திக் குந்திச் சொட்டு சொட்டா மூத்திரம், அதில் ரத்தம் என்று ஆரம்பிச்சது. ஸ்கேனில் மூத்திரப்பையின் கழுத்துப் பக்கம் கட்டி. மூத்திரத்தில் செய்த பிராஃப் டெஸ்டும் (இந்தப் புற்றுநோயைக் காட்டும் மரபணுச் சோதனை) பாசிட்டிவ். வெட்டி எடுக்க முடியாத இடம் என்கிறார்கள். ஊசி கீமோவுக்கு இப்போ பணம் இல்லை.

கொடுப்பது இவ்வளவுதான். டாக்டர் எழுதின பைராக்ஸிகாம் (வலி, வீக்கம் குறைக்கும் மருந்து) 10 மி.கி. கேப்ஸ்யூலைப் பிரிச்சு கால் பங்கு, காலையில். கோ-ஆப் கடையில் வாங்கின ஆட்டுப் புழுமருந்து (ஃபென்பெண்டசோல்) தினம் 5 மி.லி., மூணு வாரமா. மஞ்சள், மிளகு, தேங்காயெண்ணெய் போட்டுக் கிண்டின பேஸ்ட் ஒரு டீஸ்பூன் ரெண்டு வேளை. சிபிடி எண்ணெய் (கஞ்சாச் செடியில் எடுப்பது) 5 துளி.

முதல் ரெண்டு வாரம் ரத்தம் குறைஞ்சது, விளையாடினாள். நாலு நாளா சாப்பாட்டை மோந்துட்டு விலகிடுறாள். நேத்து ரெண்டு வாந்தி. மலம் கறுப்பா, பசை மாதிரி ஒட்டுது. கட்டி பரவிடுச்சா? எந்த மருந்தைக் கூட்டணும், எதைக் குறைக்கணும்?

மாத்திரைப்பெட்டி (ஃபீனிக்ஸ்)

அக்கா, முதல்ல பைராக்ஸிகாமை நிறுத்துங்க. இன்னைக்கு வேளையே வேண்டாம். நீங்க சொல்றது கட்டி பரவின அடையாளத்தைவிட வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியுற அடையாளம்.

உறுதிப்படுத்த, வெள்ளை டிஷ்யூவில் கொஞ்சம் மலத்தை வைச்சு ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. ஓரத்தில் செம்பழுப்பு நிறம் பரவினா ரத்தம்தான். ஈரலோ கரியோ சாப்பிட்டாலும் கறுப்பா வரும், ஆனா அந்தச் சிவப்பு ஓரம் இருக்காது. அடுத்து உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விடுங்க. 2 விநாடிக்குள் ரோஜா நிறம் திரும்பணும். ஈறு வெளுத்திருந்தாலோ, நிறம் திரும்ப நேரமானாலோ, ராத்திரி எத்தனை மணியானாலும் அவசர கிளினிக். ரெண்டும் சரியா இருந்தாலும் நாளைக் காலைக்குத் தள்ளாதீங்க.

இன்னொன்று: நிறுத்தினதும் மருந்து உடம்பை விட்டுப் போயிடாது. நாய் உடம்பில் பைராக்ஸிகாம் பாதியாகவே ஏறக்குறைய 40 மணி நேரம் ஆகும். அதனால் வலிக்கு என்று நாளைக்கே மெலாக்ஸிகாமோ கார்ப்ரோஃபெனோ பிரட்னிசலோனோ ஆரம்பிச்சா புண் மேல புண். குறைஞ்சது ஒரு வாரம் இடைவெளி வேணும்.

ரெண்டு கேள்வி. புழுமருந்து பாட்டிலில் எத்தனை சதவீதம் போட்டிருக்கு? வீட்டில் வேற யாராவது வலி மருந்து ஏதாவது கொடுத்தாங்களா?

கடலோரம்

டிஷ்யூவில் சிவப்பு ஓரம் வருது. ஈறு கொஞ்சம் வெளுப்பு. இப்பவே கிளம்புறோம். பாட்டிலில் 10% என்று இருக்கு. விசாரிச்சதில் மாமனார் போன வாரம் ரெண்டு நாள் கிராண்ட்-பா வலிப் பொடி அரைப் பாக்கெட் தண்ணியில் கலந்து கொடுத்திருக்கார், அவள் முனகினாள் என்று.

மாத்திரைப்பெட்டி

இதை மறக்காம டாக்டரிடம் சொல்லுங்க, பொடிப் பாக்கெட்டையும் புழுமருந்து பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க. அந்தப் பொடியில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், காஃபின் மூணும் இருக்கு. வயிற்றுச் சுவரைக் காக்கும் புராஸ்டாகிளாண்டினைப் பைராக்ஸிகாம் ஒரு பக்கம் குறைக்குது, ஆஸ்பிரின் இன்னொரு பக்கம் அதையே செய்யுது. பெரியவர் பாசத்தில் கொடுத்தது, அவரைக் கோவிச்சுக்காதீங்க. ஆனா மருந்து அலமாரிக்கு இனி ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும்.

கேப்ஸ்யூல் கணக்கும் பார்ப்போம். இந்தக் கட்டிக்கு அளவு கிலோவுக்கு 0.3 மி.கி., நாளுக்கு ஒரு தடவை, வயிறு நிறைய உணவோட. 9 கிலோவுக்கு 2.7 மி.கி. கேப்ஸ்யூலுக்குள் பெரும்பகுதி வெறும் நிரப்புப் பொடி. தட்டில் கொட்டிக் கத்தியால் நாலாப் பிரிச்சா ஒரு பங்கில் 1.5 மி.கி., இன்னொன்றில் 4 மி.கி. என்று போகலாம். சின்ன நாய்க்கு இது பெரிய வித்தியாசம். மருந்து கலந்து தரும் ஃபார்மசியில் மருத்துவச் சீட்டைக் காட்டி 2.5 மி.கி. கேப்ஸ்யூலாவோ திரவமாவோ செய்து வாங்கணும். சாப்பிடாத நாளில் அந்த வேளையை விட்டுடணும்.

ஆட்டுப்பட்டி (டோங்காட்)

புழுமருந்து பற்றி நான் சொல்றேன். 10% என்றால் 1 மி.லி.க்கு 100 மி.கி. அப்போ 5 மி.லி. என்பது 500 மி.கி., கிலோவுக்கு 55 மி.கி. நாய்க்குப் புழு நீக்க கிலோவுக்கு 50 மி.கி. வீதம் 3 நாள்தான் கொடுப்பாங்க. நீங்க 21 நாள் கொடுத்திருக்கீங்க. புற்றுநோய்க்கென்று இணையத்தில் சுற்றும் 222 மி.கி. என்ற அளவு, 22.2% குருணையில் 1 கிராம். அதைப் பாட்டில் மருந்துக்கு மாத்தும்போது பெரும்பாலானவங்க இங்கேதான் தடுக்கி விழுறாங்க.

இந்த மருந்து செல்லுக்குள் இருக்கும் ட்யூபுலினைப் பிடிக்கும், புழு சாவது அப்படித்தான். வேகமாப் பிரியுற செல்லுக்கு இது அதிகமா உறைக்கும் என்பதுதான் புற்றுநோய்க்குக் கொடுக்கிறவங்க நம்பிக்கை. ஆனா எலும்பு மஜ்ஜையும் குடல் சுவரும் வேகமாப் பிரியுற செல்தான். ஃபென்பெண்டசோலால் மஜ்ஜை ஒடுங்கின நாய் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு. எலிகளில் கட்டியை வளர்த்து இதை மட்டும் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் கட்டி நிற்கவில்லை. அதனால் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) எடுக்கச் சொல்லுங்க, வெள்ளையணுவையும் தட்டணுவையும் பாருங்க.

நம்ம தென்னாப்பிரிக்காவில் ஆடு மாடு மருந்துகள் 1947-ம் ஆண்டின் 36-ம் எண் சட்டத்தில் பதிவாகி, சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும். கிடைக்குது என்பதால் நாய்க்கு ஆகும் என்று அர்த்தமில்லை. லேபிளில் குளோசான்டெல், ராஃபோக்சனைட் என்று ஏதாவது சேர்ந்திருந்தா அந்தப் பாட்டிலை நாய்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, கண் பார்வை போயிடும்.

கடலோரம்

கிளினிக்கில் சேர்த்துட்டோம். ரிப்போர்ட்: பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 26%. நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) 2.1, தட்டணு 140. யூரியா அதிகம், கிரியேட்டினின் சரி. ஸ்கேனில் கட்டி அதே அளவு, சிறுநீரகத்தில் வீக்கம் இல்லை. சலைன் ஏறுது, வாந்திக்கு மரோபிடன்ட் ஊசி போட்டாச்சு. வீட்டுக்கு, அமிலம் குறைக்க ஓமிபிரசோல் 10 மி.கி. ரெண்டு வேளை, சுக்ரால்ஃபேட் அரை கிராம் மூணு வேளை. இதை எப்படிப் புரிஞ்சுக்கிறது? மஞ்சளும் சிபிடியும் மறுபடி கொடுக்கலாமா?

வெட்நர்ஸ்_பைன்டவுன்

ரிப்போர்ட்டில் நல்ல சேதி இருக்கு அக்கா. யூரியா மட்டும் ஏறி கிரியேட்டினின் சரியா இருந்தா, வயிற்றில் கசிந்த ரத்தம் செரிச்சு யூரியாவா ஆகுது என்று படிக்கலாம். ரெண்டும் சேர்ந்து ஏறியிருந்தா கட்டி மூத்திரக் குழாயை அடைச்சுதா என்று பயப்படணும். பிசிவி 37-க்கு மேல இருக்கணும், 26 என்பது ரத்த இழப்பு. நியூட்ரோஃபிலும் தட்டணுவும் சேர்ந்து இறங்கினது ரத்தக்கசிவால் மட்டும் வந்ததா தெரியலை, புழுமருந்து மேல சந்தேகம் நியாயம். அதை நிறுத்திட்டு ஒரு வாரத்தில் மறுபடி எண்ணுங்க. அதுவரை பச்சை இறைச்சி வேண்டாம். உடம்புச் சூடு 39.5-ஐத் தாண்டினா உடனே கூட்டிட்டு வாங்க.

சுக்ரால்ஃபேட் மாத்திரையை அப்படியே விழுங்க வைக்காதீங்க. 1 கிராம் மாத்திரையில் பாதியை 5 மி.லி. வெதுவெதுப்பான தண்ணியில் பத்து நிமிஷம் ஊற விட்டா வெள்ளைக் குழம்பா கரையும். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கன்னப் பக்கமா மெதுவா விடுங்க. வெறும் வயிற்றில்தான் அது புண் மேல படியும், மற்ற மருந்துக்கும் அதுக்கும் 2 மணி நேரம் இடைவெளி. காலை 6 மணிக்கு ஓமிபிரசோல், 8-க்கு சாப்பாடு, 11-க்கு சுக்ரால்ஃபேட் என்று ஃப்ரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்க. ஓமிபிரசோல் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் மணிகளை நசுக்காதீங்க.

மஞ்சள் பேஸ்ட் இப்போ வேண்டவே வேண்டாம். மிளகின் பைபரின் மற்ற மருந்துகள் கல்லீரலில் கழியுறதை மெதுவாக்கும், தேங்காயெண்ணெய் கணையத்துக்குச் சுமை, குர்குமின் தட்டணுவையும் கொஞ்சம் மந்தமாக்கும். கசியுற வயிற்றுக்கு மூணுமே பகை. சிபிடியை ரத்தம் தேறின பிறகு யோசிக்கலாம். மூட்டுவலி நாய்களில் ஆராய்ந்த அளவு கிலோவுக்கு 2 மி.கி., ரெண்டு வேளை. உங்க நாய்க்கு நாளுக்கு 36 மி.கி. 600 மி.கி. பாட்டில் 16 நாளில் தீரும், 5 துளியில் அந்த அளவு எட்டாது. டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இல்லை என்று ஆய்வகத் தாள் இருக்கணும், சைலிடால் இனிப்பு கலந்திருக்கக் கூடாது. ஏஎல்பி (கல்லீரல் நொதி) ஏறுதா என்று மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்.

பன்னி சௌ (ரொட்டிக்குள் குழம்பு ஊற்றினது) மிச்சக் குழம்பைச் சோறு பிசைஞ்சு கொடுக்கிற வழக்கம் இருந்தா இப்போ கட்டாயம் நிறுத்துங்க. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுவை உடைக்கும், 26-ல் நிற்கிற நாய்க்கு அது தாங்காது.

மாத்திரைப்பெட்டி

அடுத்த படிக்கு ஒரு வார்த்தை. நீங்க வைச்சிருந்ததில் இந்தக் கட்டிக்கு எண்ணிக்கையோட சான்று உள்ளது பைராக்ஸிகாம் ஒன்றுதான். 34 நாய்களில் பார்த்ததில் 6 நாய்க்குக் கட்டி சுருங்கியது, 18 நாய்க்கு வளராம நின்றது, நடுவான ஆயுள் 181 நாள். அதனால் அதை ஒரேயடியாத் தூக்கிப் போட வேண்டாம். புண் ஆறினதும் அதே குடும்பத்து வேறு மருந்தை ஆரம்பிக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்க.

ஊசி கீமோ முடியாதவங்களுக்குக் குளோராம்புசில் என்ற கீமோ மாத்திரை, தினசரிச் சிறு அளவு என்று ஒரு வழி இருக்கு: சதுர மீட்டருக்கு 4 மி.கி. 9 கிலோ நாய்க்கு உடல் பரப்பு 0.44, ஆக 1.75 மி.கி. மாத்திரை 2 மி.கி.யில் வரும், அதை வெட்டக் கூடாது, கையுறை போட்டுத்தான் தொடணும். அளவை டாக்டர்தான் முடிவு செய்யணும். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நாய்களில் கட்டி சில காலம் வளராம நின்றது. இதுவும் மஜ்ஜையை அமுக்கும் மருந்து, அதனால் நியூட்ரோஃபில் தேறாம ஆரம்பிக்க முடியாது. டர்பனில் புற்றுநோய் பார்க்கிறவர் கிடைக்கலைன்னா, 600 கிலோமீட்டர் பயணம் வேண்டாம், உங்க டாக்டரே ஒண்டர்ஸ்டெபோர்ட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ரிப்போர்ட்டை அனுப்பிக் கேட்க முடியுமா என்று பாருங்க.

கடலோரம்

பிசிவி இன்னைக்கு 29. கோழியும் சோறும் ரெண்டு கரண்டி சாப்பிட்டாள். மூத்திரக் கல்ச்சர் (கிருமிச் சோதனை) எடுக்கணும் என்கிறார்கள், ஊசியால் குத்தி எடுப்பாங்களா?

வெட்நர்ஸ்_பைன்டவுன்

வயிற்றில் ஊசி குத்தி எடுக்க வேண்டாம் என்று நீங்களே முன்கூட்டிச் சொல்லிடுங்க, இந்தக் கட்டியின் செல் ஊசி போன பாதையில் முளைக்கலாம். கல்ச்சர் அவசியம், இந்த நோயில் கிருமித் தொற்று அடிக்கடி சேர்ந்து வரும், ரத்தம் கூடினா எல்லாம் கட்டிதான் என்று நினைச்சுடக் கூடாது. காலை முதல் மூத்திரம். ஆழமில்லாத குழம்புக் கரண்டியைக் கொதிநீரில் போட்டு எடுத்து ஆற வையுங்க. அவள் குந்தினதும் பின்பக்கமா நீட்டி, முதல் சொட்டுகளை விட்டுட்டு நடுவில் பிடிங்க. 5 மி.லி. போதும். சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் வைச்சு, ரெண்டு மணி நேரத்துக்குள் கொண்டு வந்துடுங்க.