செவ்வாய் இரவும் சேர்ந்தால் சைல்ட் சப்போர்ட் குறையுமா? (ஒன்ராறியோ, கனடா)

ஸ்காபரோ_அப்பா:
வணக்கம். கோர்ட் உத்தரவுப்படி பிள்ளைகள் இருவரும் அம்மாவோடு, எனக்கு ஒன்றுவிட்ட வாரக் கடைசிகள். அதற்கான பிள்ளைப் பராமரிப்புக் காசை, அதாவது வருமானத்துக்கு ஏற்ப அரசு அட்டவணையில் உள்ள முழுத் தொகையையும், எஃப்.ஆர்.ஓ (இந்தக் காசை அறவிடும் மாகாண அலுவலகம்) என் சம்பளத்திலேயே கழிக்கிறது. பிள்ளைகளின் அம்மாவுக்கு வேலை நேரம் மாறியதால், செப்ரெம்பரிலிருந்து ஒன்றுவிட்ட வியாழன் பின்னேரம் தொடக்கம் திங்கள் காலை வரையும், அதோடு எல்லாச் செவ்வாய் இரவும் என்னிடம் நிற்கிறார்கள். எல்லாம் வட்ஸ்அப்பில் பேசியதுதான். இரண்டாவது சோடி பனிச்சப்பாத்து, சின்னவனுக்கு இங்கேயும் ஒரு இன்ஹேலர், கட்டில், மேசை எல்லாம் வாங்கியாயிற்று, கழிபடும் காசு மட்டும் அப்படியே. எஃப்.ஆர்.ஓவுக்குச் சொன்னால் குறைப்பார்களா?

மார்க்கம்வாசி:
இல்லை தம்பி. உத்தரவில் இருப்பதை அறவிடுவதுதான் அவர்கள் வேலை, தொகையை மாற்ற அவர்களுக்கு அதிகாரமில்லை. நீங்களாகக் குறைத்தால் அது நிலுவையாக ஏறும், கடைசியில் கார் ஓட்டும் லைசென்ஸிலும் கை வைப்பார்கள்.

சைல்ட் சப்போர்ட் வழிகாட்டு விதிகளின் 9ஆம் பிரிவுப்படி, வருடத்தில் 40 சதவீத நேரமாவது பிள்ளை உங்கள் பொறுப்பில் இருந்தால்தான் இந்தப் பேச்சே எழும். உங்களுக்கு 14 இரவில் 6, கிட்டத்தட்ட 43 சதவீதம், வருடத்துக்கு 156 இரவு. எல்லை 146. ஷிப்ட் என்று பத்துப் பதினொரு செவ்வாய் தவறினாலே கீழே இறங்கிவிடுவீர்கள். விடுமுறையை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதும் சேரும், மணித்தியாலமாக எண்ணுகிற நீதிபதிகளும் இருக்கிறார்கள். அதனால் யார் கூட்டிவந்தது, யார் கொண்டுபோய் விட்டது என்று கலண்டரில் எழுதி வையுங்கள்.

இரு_பிள்ளைத்_தாய்:
நான் காசு வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். உங்களிடம் ஆறு இரவு நிற்பதால் அவவின் வீட்டு வாடகை ஒரு சதமும் குறையாது. பல்லு டொக்டர், பள்ளிக்கூடப் பயணக் காசு, வளர வளர உடுப்பு, இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? உச்ச நீதிமன்றம் 2005இல் கொண்டினோ வழக்கில் சொன்னதும் இதுதான். 40 தாண்டியவுடன் தொகை தானாகக் குறையாது. உதாரணத்துக்கு உங்கள் அட்டவணைத் தொகை 1,200 டொலர், அவவுடையது 700 என்றால், கழித்து வரும் 500 தொடக்கப் புள்ளி மட்டுமே. அதற்குமேல் இரண்டு வீட்டின் கூடுதல் செலவு, இருவருடைய வசதி, பிள்ளைகளின் தேவை எல்லாம் பார்ப்பார்கள். திடீரென்று பாதிக்கு மேல் வெட்டினால் பிள்ளைகள் அந்த வீட்டை விட்டே மாற வேண்டி வரலாம். முதலில் அவவோடு இருந்து பேசுங்கள் அண்ணா.

பீல்_அக்கா:
உத்தரவை மாற்ற, பேசிச் சரிவந்தால் படிவம் 15டி, இருவரும் சம்மதித்துப் போடுவது. சரிவராவிட்டால் படிவம் 15, கூடவே வருமான விபரத்துக்குப் படிவம் 13. கோர்ட்டிலேயே குடும்பச் சட்டத் தகவல் நிலையம் இருக்கிறது, அங்கே கேட்கக் காசு இல்லை.

ஆனால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: நேரம் இப்படி மாறியிருக்கிறது, தொகையை மாற்றக் கேட்கிறேன், இதோ என் வருமான மதிப்பீட்டுத் தாள்கள் என்று. 2021இல் உச்ச நீதிமன்றம் தந்த கொலூச்சி தீர்ப்புக்குப் பிறகு, பின்தேதியிட்டுக் குறைக்கக் கேட்டால் நீங்கள் எப்போது தெளிவாக, ஆதாரத்தோடு அறிவித்தீர்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

இன்னொன்று, சி.ஆர்.ஏயும் (கனடா வரித் திணைக்களம்) 40 முதல் 60 சதவீதத்தைப் பகிர்வாகத்தான் எடுக்கும். சைல்ட் பெனிஃபிட், அதாவது பிள்ளைகளுக்கு அரசு தரும் மாதக் காசு, இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும், அவவுக்கு அதுவும் குறையும், பேசும்போது மறைக்காதீர்கள். புது உத்தரவில் வெறுமனே 500 என்று எழுதாமல், இவர் அவருக்கு இவ்வளவு, அவர் இவருக்கு இவ்வளவு என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்கான வரிச் சலுகையை நீங்கள் கேட்க முடியாமல் போகும்.

ஸ்காபரோ_அப்பா:
எல்லாருக்கும் பெரிய நன்றி. பெனிஃபிட் குறையும் என்பது எனக்குத் தெரியாது, அவவுக்கும் தெரிந்திருக்காது. மின்னஞ்சல் இன்றிரவே போகிறது. நீச்சல் வகுப்புக் காசையும் நான் ஏற்பதாக அதில் எழுதுகிறேன். புது உத்தரவு வரும்வரை இப்போதைய தொகை கழியட்டும்.